எரிமலை தூக்கிப் பிடித்திருக்கும் பனி

ஐஸ்லாந்தின் நில வரைபடத்தில் நாட்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். தென்கிழக்கில் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்று இருக்கும். அது வாட்நாயோகுல், சுமார் 7,700 சதுர கிலோமீட்டர். மேற்கே நீளவாக்கில் கிடப்பது லாங்யோகுல். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய வட்டமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அதன் பெயர் ஹோஃப்ஸ்யோகுல். ஐஸ்லாந்தின் பனிக்கவிகைகளில், அதாவது நிலத்தைக் கவிந்து மூடிய பெரும் பனிப்பரப்புகளில், பரப்பளவில் மூன்றாவது இது.

அந்த வட்ட வடிவத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள நீலக் கோடுகளையும் கவனியுங்கள். வடக்கே ஸ்காகாஃப்யோர்துர் கடற்கழியை நோக்கி இரண்டு ஆறுகள் இறங்குகின்றன. வடமேற்கே ப்ளாண்டா ஓடுகிறது. தென்மேற்கே யோகுல்ஃபால் ஆறு. கிழக்கும் தெற்கும் வடிகிற தண்ணீர் எல்லாம் 230 கிலோமீட்டர் நீளமுள்ள தியோர்சாவுக்குப் போகிறது. ஐஸ்லாந்தின் மிக நீளமான ஆறு அதுதான். எல்லாத் திசைக்கும் தண்ணீர் இப்படிப் பிரிந்து ஓட வேண்டுமென்றால் நடுவில் ஓங்கிய ஒரு மலை இருக்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் மலை எதுவும் தெரியாது, பனி மட்டும்தான்.

மலை பனிக்கு அடியில் இருக்கிறது. அந்த மலை ஓர் எரிமலை.

ஐஸ்லாந்தின் எரிமலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காரணம் புரிகிறது. 2010-இல் ஐரோப்பாவின் விமானங்களைத் தரையிறக்கியது எய்யாஃப்யாட்லயோகுல். 2014-15இல் 85 சதுர கிலோமீட்டருக்கு லாவாவைப் பரப்பியது பார்தார்புங்கா. அடிக்கடி வெடிப்பது கிரிம்ஸ்வோட்ன். இவற்றுக்கெல்லாம் தேதி இருக்கிறது, படம் இருக்கிறது. ஹோஃப்ஸ்யோகுல் வெடித்ததாக, மனிதர்கள் அந்தத் தீவில் குடியேறிய ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பதிவும் கிடையாது. ஆனால் ஒரு பனிக்கவிகைக்கும் எரிமலைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை என்பது என் எண்ணம். வெடிப்பின் பரபரப்பு இல்லாததால் அந்த உறவின் அமைப்பை இங்கே நிதானமாகப் பார்க்க முடிகிறது.

முதலில் உயரக் கணக்கு. ஹோஃப்ஸ்யோகுலைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 800 மீட்டர் வரை உயரம். கோடையில் அங்கே பனி நிற்காது, உருகிவிடும். அந்தப் பகுதியில் குளிர்காலப் பனி கோடையைத் தாண்டி மிஞ்ச வேண்டுமானால் ஏறக்குறைய 1,200 அல்லது 1,300 மீட்டர் உயரம் வேண்டும். வெறும் மேட்டு நிலமாக மட்டும் இருந்திருந்தால் இங்கே பனிக்கவிகை உருவாகியிருக்காது. எரிமலை நிலத்தை அந்தக் கோட்டுக்கு மேலே உயர்த்தியது, பனி வந்து தங்கியது. இன்று அதன் உச்சி சுமார் 1,765 மீட்டர். நெருப்பும் பனியும் எதிரிகள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே நெருப்பு கட்டிய மேடையில்தான் பனி உட்கார்ந்திருக்கிறது.

அந்த மேடை எப்படி இருக்கும் என்பது 1980கள் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. பனிக்கு வெளியே சில பாறை முகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். 1983-இல் ஹெல்கி பியோர்ன்சன் என்ற பனியியல் அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் ரேடியோ அலைக் கருவியைப் பனிவண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தப் பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்கள். மேலிருந்து அனுப்பும் அலை அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துப் பனியின் தடிமனைக் கணக்கிடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஐஸ்லாந்தில் அது எளிதல்ல. அண்டார்டிகாவின் பனி உறைநிலைக்கு மிகக் கீழே, கல்லாக உறைந்து கிடக்கிறது. ஐஸ்லாந்தின் பனியோ முழுக்க முழுக்க உருகுநிலையிலேயே இருக்கிறது, உள்ளே இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர். அதிக அதிர்வெண் அலைகளை அனுப்பினால் அந்த ஈரத்தில் சிதறிப் போய்விடும். அதனால் சில மெகாஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவிகள் தேவைப்பட்டன. அப்படிக் கிடைத்த எதிரொலிகளை ஒன்றுசேர்த்தபோது, பனிக்கு அடியில் ஒரு கால்டெரா வெளிப்பட்டது. எரிமலைக்குக் கீழே இருந்த மாக்மா வெளியேறியதால் மேல்பகுதி உள்வாங்கி விழுந்த பெரும்பள்ளம் அது.

பள்ளத்தின் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 980 மீட்டர். சுற்றியுள்ள விளிம்பு 1,300 முதல் 1,650 மீட்டர் வரை. பள்ளம் முழுக்கப் பனி நிரம்பி, விளிம்பைத் தாண்டி வழிந்து, எல்லாப் பக்கமும் பனியாறுகளாக இறங்குகிறது. ஆழமான இடத்தில் பனியின் தடிமன் 700 மீட்டருக்கும் மேல். மேலே நின்று பார்க்கிறவருக்கு மெல்ல வளைந்த வெள்ளை மேடு மட்டும்தான் தெரியும். காலடியில் இவ்வளவு பெரிய குழி இருப்பதற்கு ஓர் அடையாளமும் கிடைக்காது.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கால்டெராவின் தரை 980 மீட்டரில் இருக்கிறது. பனி மிஞ்சத் தேவையான உயரமோ 1,200 மீட்டருக்கு மேல். அதாவது அந்தக் குழியில் இன்றைக்குப் பனி இருப்பதற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே பனி இருப்பதுதான். தன் தடிமனாலேயே தன் மேற்பரப்பைக் குளிரான உயரத்தில் வைத்திருக்கிறது. ஒருமுறை அது முழுக்க உருகிவிட்டால், இன்றைய தட்பவெப்பமே தொடர்ந்தாலும் குழியின் தரையில் பழையபடி பனி சேராது. விளிம்பின் உயரமான பகுதிகளில் கொஞ்சம் தங்கலாம். உருகுவதைப் பற்றிப் பேசும்போது பரப்பளவு குறைவதை மட்டும் சொல்கிறோம். உயரம் குறைவது அதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் இறங்க இறங்க உருகும் வேகமும் கூடுகிறது.

இந்த எரிமலை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்து நடு அட்லாண்டிக் முகட்டின் மேல் இருக்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. அந்தப் பிளவு ஒரே கோடாக நாட்டைக் கடப்பதில்லை. தென்மேற்கில் புகுந்து லாங்யோகுல் வரை போவது மேற்கு எரிமலை மண்டலம். வாட்நாயோகுலை ஒட்டியிருப்பது கிழக்கு மண்டலம். இவை இரண்டையும் குறுக்கே இணைக்கும் பட்டையில்தான் ஹோஃப்ஸ்யோகுல் இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் மையம் வாட்நாயோகுலின் வடமேற்கில், பார்தார்புங்காவை ஒட்டிய பகுதியில். முக்கியமான வேலை அங்கே நடக்கிறது. ஹோஃப்ஸ்யோகுலுக்குக் கிடைப்பது குறுக்குப் பட்டையின் மெதுவான வேலை. அதன் நீண்ட மௌனத்துக்கு இது ஒரு காரணம்.

பனிக்கவிகையின் தென்மேற்கே கெர்லிங்கார்ஃப்யோல் மலைகள். ஓர் ஆகஸ்ட் மாதம் க்யோலூர் சாலை வழியாக நான் அங்கே போனேன். க்யோலூர் என்பது லாங்யோகுலுக்கும் ஹோஃப்ஸ்யோகுலுக்கும் இடையே தெற்கிலிருந்து வடக்கே போகும் பழைய பாதை. கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். குல்ஃபோஸ் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அப்புறம் கருமணலும் கூழாங்கல்லும்தான். வண்டி குலுங்குகிற குலுங்கலில் பேச்சு நின்றுவிடும். வலது பக்கம் தூரத்தில் ஹோஃப்ஸ்யோகுல் தெரிய ஆரம்பித்தபோது அதை மேகம் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். மேகம் நகரும், இது நகரவில்லை.

கெர்லிங்கார்ஃப்யோல் மலைகளுக்குள் க்வெராதாலிர் என்ற வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே நிலம் கருப்பு இல்லை. ஆரஞ்சு, செம்மண் நிறம், மஞ்சள், இடையில் சாம்பல் நீலம். ஐஸ்லாந்தின் பெரும்பாலான பாறை கரும் பசால்ட். இது ரயோலைட், சிலிக்கா மிகுந்த வெளிர்நிறப் பாறை. புவிவெப்ப நீராவி அதை வேகவைத்து வேகவைத்துக் களிமண்ணாக்கிவிட்டது. மழை பெய்திருந்ததால் அந்தக் களிமண் ஒவ்வோர் அடிக்கும் காலணியின் அடியில் அப்பிக்கொண்டு தடிமனாகிக்கொண்டே வந்தது. நின்று குச்சியால் சுரண்டி எடுத்தால் உள்ளே வெதுவெதுப்பு இருந்தது. கை எட்டும் தூரத்தில் பழைய பனித்திட்டு ஒன்று. அதன் அடியில் நீராவி ஒரு துளை போட்டிருந்தது. துளையின் உள்சுவர் நீலமாக, சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தது. கந்தக வாடை துணியில் ஏறிவிட்டது.

இந்த ரயோலைட் மலைகளில் பல, பனிக்காலத்தில் தடித்த பனிக்கு அடியிலேயே வெடித்துப் பிறந்தவை. வெடிப்புகள் சுமார் மூன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறக்குறைய 70,000 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்தன. பனிக்கு அடியில் எரிமலை வெடிக்கும்போது உருகிய நீரில் பாறைக்குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடித் துகள்களாக நொறுங்குகிறது. அந்தத் துகள்கள் ஒட்டி இறுகிய பழுப்புப் பாறையை ஐஸ்லாந்துக்காரர்கள் மோபெர்க் என்கிறார்கள். வெடிப்பு நீடித்துப் பனியைத் துளைத்து மேலே வந்துவிட்டால், உச்சியில் சாதாரண லாவா தட்டையாகப் பரவும். அப்படி உருவானவைதான் தட்டை உச்சியும் செங்குத்துப் பக்கமும் கொண்ட மேசை மலைகள். க்யோலூர் சாலையின் மேற்கே தெரியும் ஹ்ரூத்ஃபெல் அந்த வகை. நொறுங்கிய பாறை எந்த உயரத்தில் நின்று லாவா எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார்த்தால், அன்றைக்கு அந்த இடத்தில் பனி எவ்வளவு உயரம் இருந்தது என்று சொல்லிவிடலாம். காணாமல் போன பனியின் அளவை மலை குறித்து வைத்திருக்கிறது. உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாறைப் பாடம் இது.

இதே கெர்லிங்கார்ஃப்யோலில் 1961 முதல் பல ஆண்டுகள் கோடைக்காலப் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்று நடந்தது. சரிவுகளில் பனி குறைந்துகொண்டே போனதால் அது நின்றுபோனது. அங்கிருந்த சிறு பனியாறுகள் பெரும்பாலும் போய்விட்டன. 2020-இல் இந்த மலைகள் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன.

க்யோலூர் பாதைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1780-இன் இலையுதிர் காலத்தில் வடக்கே ரெய்னிஸ்தாதுர் பண்ணையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள், வேறு மூன்று பேருடன், தெற்கில் வாங்கிய 180 ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்த வழியே வீடு திரும்பினார்கள். பனிப்புயலில் சிக்கி ஐந்து பேரும் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் எலும்பு மேடு என்றுதான் பெயர். அதன் பிறகு நெடுங்காலம் மக்கள் இந்தப் பாதையைத் தவிர்த்தார்கள். அது நடந்த இடம் க்யால்ஹ்ரைன் லாவாவெளி. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பரவி உறைந்த பாறைக்குழம்பு. அதன் வடக்கு ஓரத்தில் க்வெராவெட்லிர் வெந்நீர் ஊற்றுகள். அதே நூற்றாண்டில் எய்விந்தூர் என்பவரும் அவருடைய துணைவி ஹல்லாவும் ஊரைவிட்டுத் தப்பியோடி இருபது ஆண்டுகள்போல இந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்தார்கள். க்வெராவெட்லிரின் கொதிக்கும் ஊற்றில் அவர்கள் இறைச்சியை வேகவைத்தார்கள் என்று சொல்வார்கள். விறகே இல்லாத நிலத்தில் எரிமலை கொடுத்த அடுப்பு.

பனிக்கவிகையின் தென்கிழக்குப் பக்கம் வேறு உலகம். அங்கே மூலாயோகுல் என்ற பனியாறு விளிம்பிலிருந்த இடுக்கு வழியாக இறங்கி, சமவெளியில் அகலமாக விரிகிறது. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று வேகமெடுத்து முன்னேறும் வகை. இப்போது பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பின்வாங்கிய இடத்தில், கவிழ்த்துப் போட்ட கரண்டிகள் போல மண்மேடுகள் நூற்றுக்கும் மேலே வெளிப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கு டிரம்லின் என்று பெயர். உலகின் வடபகுதிகளில் ஆயிரக்கணக்கான டிரம்லின்கள் உண்டு, எல்லாம் பழைய பனிக்காலத்தின் மிச்சம். எப்படி உருவாயின என்று புவியியலாளர்கள் நீண்ட நாள் விவாதித்து வந்தார்கள், ஏனென்றால் உருவாகும்போது யாரும் பார்த்ததில்லை. மூலாயோகுலின் அடியில் அவை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் இந்தச் சிறிய பனியாற்றைத் தேடி வருகிறார்கள்.

மூலாயோகுலுக்கு முன்னால் தியோர்சார்வெர். கருமணல் பாலையின் நடுவே, 600 மீட்டர் உயரத்தில் பச்சைச் சதுப்பு நிலம். பனிக்கவிகையிலிருந்து வரும் நீர் எரிமலை மண்ணுக்குள் இறங்கி, ஊற்றுகளாகவும் ஓடைகளாகவும் மேலே வருகிறது. பாசியும் கோரையும் வில்லோ புதர்களும் அதில் வளர்கின்றன. சில இடங்களில் மண்ணுக்குள் உறைந்த பனிக்கட்டி சதுப்பையே மேடாகத் தூக்கி நிறுத்தியிருக்கும். ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கூடு கட்டிய இடம் இதுதான். இங்கிலாந்தின் பறவை ஆர்வலர் பீட்டர் ஸ்காட் 1951-இல் குதிரைகளில் இங்கே வந்து, இறகு உதிர்த்துப் பறக்க முடியாதிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகளைப் பிடித்து வளையமிட்டார். அந்த வாத்துகளை வளைத்துப் பிடிக்கப் பழங்காலத்து மக்கள் கட்டிய கல் பட்டிகளின் மிச்சமும் அங்கே இருந்தது.

இதே தியோர்சார்வெரை அணை கட்டி மூழ்கடிக்கும் திட்டம் வந்தது. தியோர்சா மின்சாரத்துக்கான ஆறு. கீழே 1969-இல் இயங்கத் தொடங்கிய பூர்ஃபெல் நிலையம் முதல் அடுத்தடுத்து மின்நிலையங்கள். மேலே பெரிய நீர்த்தேக்கம் இருந்தால் குளிர்காலத்துக்கும் தண்ணீர் கிடைக்கும் என்பது கணக்கு. அருகிலிருந்த ஆடு வளர்க்கும் விவசாயிகள் 1970களின் தொடக்கத்திலேயே கூடி எதிர்த்தார்கள். 1981-இல் அந்தச் சதுப்பு பாதுகாக்கப்பட்டது, 1990-இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகும் சிறிய வடிவில் அணைத் திட்டம் திரும்பத் திரும்ப வந்தது. 2017-இல் பாதுகாப்பு எல்லையை விரித்து முழு ஹோஃப்ஸ்யோகுலையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நான் அந்த விவசாயிகளின் பக்கம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஆற்றிலும் அதன் கிளையாற்றிலும் கீழே இத்தனை மின்நிலையங்கள் ஓடும்போது, ஊற்றுக்கண்ணை விட்டுவைக்கச் சொல்வது அதிகமான கோரிக்கை இல்லை.

ஆனால் எல்லைக்கோடு பனியைக் காப்பாற்றாது. 1988 முதல் ஹோஃப்ஸ்யோகுலின் கணக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது. வசந்தத்தில் பனிவண்டியில் ஏறிப் போய், குளிர்காலத்தில் சேர்ந்த பனியைத் துளைத்து, சென்ற கோடையின் அழுக்குப் படலம் தட்டுப்படும் வரை குழாயை இறக்குவார்கள். வெளியே எடுத்த பனியை எடை போட்டு, எத்தனை மீட்டர் நீருக்குச் சமம் என்று எழுதுவார்கள். அதே இடத்தில் நீண்ட கம்பி ஒன்றை நட்டுவிட்டு வருவார்கள். இலையுதிர் காலத்தில் போய், கம்பி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். வரவும் செலவும் அதிலேயே தெரிந்துவிடும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய எல்லா ஆண்டும் நட்டம்தான். 2015 மட்டும் விதிவிலக்கு, அந்த ஆண்டு கொஞ்சம் மிச்சம். 2010-இல் நட்டம் மிகப் பெரியது. எய்யாஃப்யாட்லயோகுலின் சாம்பல் காற்றில் வந்து ஹோஃப்ஸ்யோகுலின் மேல் மெல்லிய கருந்தூளாகப் படிந்தது. வெள்ளைப் பனி திருப்பி அனுப்பும் வெயிலை அந்தத் தூள் பிடித்து வைத்துக்கொண்டது. சாம்பல் தடியாக விழுந்திருந்தால் பனியை மூடிக் காத்திருக்கும். மெல்லியதாக விழுந்ததால் உருக்கிவிட்டது. 1980களில் 900 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த பரப்பு 2019-இல் சுமார் 810.

பனி மெலிய மெலிய நிலம் எழும்புகிறது. ஐஸ்லாந்தின் நடுப்பகுதியில், ஹோஃப்ஸ்யோகுலுக்கும் வாட்நாயோகுலுக்கும் இடையே, நிலம் வருடத்துக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் உயர்வதை ஜிபிஎஸ் கருவிகள் காட்டுகின்றன. சுமை இறங்கினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் ஆழத்திலுள்ள சூடான பாறை இன்னும் எளிதாக உருகும். கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது இதுதான் நடந்தது. பெரும் பனி விலகிய பிறகு ஐஸ்லாந்தின் வெடிப்புகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்குப் பல மடங்கு அதிகமாயின. இப்போது உருகும் பனி அன்றைய அளவில் சிறு பங்கு. ஆழத்தில் உருவாகும் மாக்மா மேலே வரவும் நீண்ட காலம் பிடிக்கும். அதனால் நாளையே வெடிக்கும் என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. ஆனால் எரிமலை பனியைத் தாங்குகிறது, பனி எரிமலையை அழுத்தி வைத்திருக்கிறது என்ற இருவழிக் கணக்கில் ஒரு பக்கம் குறைந்துகொண்டிருக்கிறது என்பது உண்மை.

வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வாட்நாயோகுல் முன்னுதாரணம். 1996 செப்டம்பர் 30 அன்று பனிக்கு அடியில் கியால்ப் வெடிப்பு தொடங்கியது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் கால்டெராவில் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் தேங்கியது. நவம்பர் 5 அன்று பனியை உயர்த்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. வீடளவுப் பனிக்கட்டிகள் உருண்டன, பாலங்கள் போயின, நாட்டைச் சுற்றும் நெடுஞ்சாலை அறுந்தது. தெற்கே மணல்வெளியில் ஆள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஹோஃப்ஸ்யோகுலில் அப்படி ஒன்று நடந்தால் நீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது வெடிக்கும் புள்ளியைப் பொறுத்தது. கால்டெராவுக்குள் ஒரு பக்கமா, விளிம்புக்கு வெளியே மறுபக்கமா என்பதில் வடக்கே ஸ்காகாஃப்யோர்துரின் பண்ணைகள் மாட்டலாம், ப்ளாண்டாவின் மின்நிலையம் மாட்டலாம், தெற்கே தியோர்சாவின் அணைத்தொடர் மாட்டலாம். ஹெல்கி பியோர்ன்சனின் குழு 1983 அளவீட்டைக் கொண்டு பனிக்கு அடியில் ஒவ்வோர் ஆற்றுக்கும் உரிய நீர்ப்பிடிப்பு எல்லையை வரைந்தது. மின்நிலையங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ள வரைந்த கோடுகள் அவை. வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளத்தாக்குக்கு முதலில் எச்சரிக்கை போக வேண்டும் என்பதையும் அந்தக் கோடுகளை வைத்தே சொல்ல முடியும். பனி மெலியும்போது அந்த எல்லைகள் நகரும். அதனால் அவற்றை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டே இருக்க வேண்டும்.